தசைக்கு வலு எங்கிருந்து வருகிறது?

வன்னிப் பெருநிலத்தின் கீழ்க்கரையில், ஒருபுறம் நந்திக்கடல் நீரேரியும் மறுபுறம் பெருங்கடலுமாக அமைந்த ஒடுங்கிய நிலத்துண்டிலே முள்ளிவாய்க்கால் என்னும் ஊர் இருக்கின்றது. அக்கரையில் நின்று கரைவலை இழுப்பதைக் கண்டவர்களுக்கு நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் எளிதில் விளங்கும். காணாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். வலையைத் தோணியிலே கொண்டுசென்று, கடலில் அரைவட்டமாக வளைத்து விட்டு, அதன் இரு அந்தங்களிலும் பூட்டிய நீண்ட வடங்களைக் கரைக்குக் கொண்டுவருவர். பின்பு இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்று, மணலிலே காலை ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுப்பர். மடி கரைசேர வெகுநேரம் செல்லும். இப்பொழுது சில இடங்களில் உழவு இயந்திரத்தைப் பூட்டி இழுப்பதும் உண்டு. எனினும் கையால் இழுக்கும் வழக்கம் அற்றுப் போகவில்லை. அவ்வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. அம்பாப் பாட்டின் அடியை ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடி ஒருசேர இழுப்பர், ஒரு கணம் தளர்வர், மறுபடியும் இழுப்பர். அந்த ஒரு கணத் தளர்ச்சியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் திரும்பி வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி நடந்த நாளில், நூறு மீற்றர் ஓட்டத்தை ஓடி முடித்த மாணவனொருவன் மூச்சிரைக்க என் முன்னே வந்து நின்றான். மூச்சு அடங்கியதும் அவன் கேட்டது இது: "சேர், ஓடேக்கை எனக்கு மூச்சு வாங்கேல்லை. ஓடி முடிஞ்ச பிறகுதான் வாங்குது. அப்ப ஓடேக்கை வலு எங்கையிருந்து வந்தது?"

நான் கலைப்பட்டதாரி, வரலாறு கற்பித்தவன். விஞ்ஞான ஆசிரியரிடம் கேள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. வரலாறு படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடையைத் தேடுவதற்கு முன்னரே, அவ்விடையை யார் யார், எந்தக் காலத்தில், எவ்வாறு தேடினார்கள் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். நானும் அவ்வாறே தொடங்கினேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஜேர்மனியின் பேரறிஞராக விளங்கிய லீபிக் என்பவர், தசையானது வேலை செய்யும்பொழுது தன்னுடைய புரதத்தையே எரித்து வலுப்பெறுகிறது எனக் கருதினார். வேலை செய்பவனுக்கு இறைச்சி வேண்டும் என்னும் எண்ணத்துக்கு அக்காலத்தில் இது பெருந்துணையாக இருந்தது. 1865 ஆம் ஆண்டில் ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இரு பேராசிரியர்கள் சுவிற்சர்லாந்திலுள்ள ஃபோல்ஹோர்ன் என்னும் மலையில் ஏறி இதனைச் சோதித்தனர். புரதம் சேராத உணவை, அதாவது மாவைக் கொழுப்பிலே பொரித்த அடைகளையும் இனிப்பையும் உண்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் மீற்றர் உயரம் ஏறினர். தம் சிறுநீரைச் சேர்த்து அதிலிருந்த நைதரசனை அளந்து பார்த்தபொழுது, உடலில் எரிந்த புரதம் அத்துணை வேலைக்குச் சிறிதும் போதாது என்பது தெரிந்தது. ஆகவே மாப்பொருளும் கொழுப்புமே தசைக்கு முதன்மையான விறகு என்பது பெறப்பட்டது.

ஆனால் உணவு நெடுநாள் குறைந்துபோனால் உடல் தன் தசையையே கரைத்து உயிரைக் காக்கும். அதனை நூலிற் படித்தறிய வேண்டிய தேவை முள்ளிவாய்க்காலில் இருந்தோருக்கு இல்லை. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில், அரிசியும் உப்பும் நீருமாகக் காய்ச்சிய கஞ்சியை ஏந்தி அவர்கள் அதனைத் தம் உடலிலேயே அறிந்துகொண்டார்கள். இதற்குமேல் அதைப்பற்றி இங்கே பேசுதல் முறையன்று.

விறகு எதுவெனத் தெரிந்துவிட்டது. விறகு எவ்வாறு வேலையாகிறது என்பது தெரியவில்லை. 1907 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிளெச்சர், ஹொப்கின்ஸ் என்னும் இருவர் தவளையின் தசையை ஆராய்ந்தனர். அதற்கு முன்னர் ஆராய்ந்தோர் தசையை வெட்டி நசுக்கிச் சாறெடுத்தனர். வெட்டுவதும் நசுக்குவதுமே தசையைக் கிளர்ச்சியுறச் செய்ததால், வேலை செய்த தசைக்கும் ஓய்ந்திருந்த தசைக்கும் வேறுபாடு காண முடியாமற் போயிற்று. இவர்கள் தசையைப் பனிக்கட்டிபோற் குளிர்ந்த மதுசாரத்தில் இட்டு, அதனுள்ளே நடைபெறும் மாற்றங்களை அந்த நிலையிலேயே நிறுத்திவைத்தனர். இச்சிறு தந்திரத்தால் உண்மை வெளிப்பட்டது. வேலை செய்யும் தசையில் இலற்றிக் அமிலம் சேருகிறது; ஒட்சிசன் கிடைக்கும்பொழுது அது மறைகிறது.

அதன்மேல் ஒரு மாளிகையையே எழுப்பினர் இருவர். இங்கிலாந்தின் ஏ. வி. ஹில், தசை சுருங்கும்போது பிறக்கும் வெப்பத்தை மிக நுட்பமாக அளந்தார். ஜேர்மனியின் ஒற்றோ மாயர்ஹோஃப், தசையிலுள்ள கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் இலற்றிக் அமிலமாவதையும், ஓய்வின்போது அவ்வமிலத்தின் ஒரு பகுதி எரிந்து மறுபகுதி மீண்டும் கிளைக்கோசனாவதையும் காட்டினார். 1922 ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹில் ஆய்வுகூடத்தோடு அமைந்துவிடவில்லை. தாமும் ஓடுபவர் ஆதலால், புற்றரையிலே தாமும் ஓடிப் பிறரையும் ஓடவைத்து, மூச்சுக் காற்றைப் பையிலே பிடித்து அளந்தார். 'ஒட்சிசன் கடன்' என்னும் சொல் அவர் தந்ததே. ஓடும்போது தசை கடன் வாங்குகிறது. ஓடி முடிந்தபின் மூச்சு வாங்கி அக்கடனை அடைக்கிறது. எங்கள் மாணவனின் கேள்விக்கு இதைவிட அழகான விடை வேண்டுமோ என்று எனக்குத் தோன்றியது. கடன் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும்.

ஆயினும், இலற்றிக் அமிலந்தான் தசையைச் சுருங்கவைக்கிறது என்னும் அக்கொள்கையின் நடுத்தூண் பிழையானது. அதனை அசைத்தவர்களுள் ஒருவர், சென்னையிலே படித்து, படிப்பின் முடிவிலே இரண்டாந்தரச் சான்றிதழைப் பெற்று வெளியேறிய ஒருவர்.

எல்லாப்பிரகட சுப்பராவ் 1895 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துக் கோதாவரிப் பகுதியிலுள்ள பீமவரத்திற் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். பரீட்சையிலே தவறிய பிள்ளைகளின் பெற்றோர் என் அலுவலகத்துக்கு வரும்பொழுதெல்லாம் இச்செய்தியை நான் சொல்வதுண்டு. மாநிலக் கல்லூரியிற் கற்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று, அறுவைக்கூடத்திலும் கதர் அங்கியை அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியரின் மனத்தைப் புண்படுத்திற்று. எழுத்துப் பரீட்சைகளில் நன்கு எழுதியிருந்தும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவையிற் சேர முயன்றும் இடம் கிட்டாமையால், சென்னையிலிருந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் விரிவுரையாளரானார். அவருடைய சகோதரர் இருவர் ஸ்புறூ என்னும் குடல்நோயினால் சில நாட்கள் இடைவெளியில் இறந்தனர். அவரும் அந்நோய்க்கு ஆளாகி மீண்டவர். நோய்க்குக் காரணம் காணவேண்டும் என்னும் வேட்கை அப்பொழுதே அவரைப் பற்றிக்கொண்டது.

மாமனாரின் பொருளுதவியோடு கப்பலேறி, 1923 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பொஸ்டன் நகரை அடைந்தார். இங்கே ஒரு செய்தியை இடையிற் சொல்ல விரும்புகிறேன். அதற்கு எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன், அதே மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரிற் பிறந்த சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர் எதிர்த்திசையிலே கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, பின்பு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் உடற்றொழிலும் பற்றிய ஆங்கில நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். இன்று நாம் உடற்றொழிலியல் என்று வழங்கும் துறைக்கு அவர் 'சுகரணம்' என்று பெயரிட்டிருந்தார். அச்சொல் நிலைக்கவில்லை, ஆனால் இருதயத்தையும் தசையையும் பற்றித் தமிழில் விஞ்ஞான முறைப்படி எழுதலாம் என்னும் துணிவு அவர் காலத்திலிருந்தே நம்மிடையே இருந்துவருகிறது. இந்தப் பேச்சும் அத்துணிவின் பேரிலேதான்.

சுப்பராவ் கையிலே பணமில்லாமல் வந்தவர். இரவிலே வைத்தியசாலையொன்றில் ஊழியராக வேலை செய்து, பகலிலே ஹாவாட் மருத்துவப் பள்ளியிற் படித்தார். வெப்பமண்டல மருத்துவத்திற் சான்றிதழ் பெற்றபின், சைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியரின் கீழ் உயிரிரசாயன ஆய்விலே இறங்கினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை மிகச் சாதாரணமானது. குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசைச் சரியாக அளப்பதற்கு ஒரு முறை கண்டுபிடிக்க வேண்டும். ஆராயவேண்டிய கரைசலில் மொலிப்டேற்று என்னும் பொருளை அமிலத்தோடு சேர்த்து, அதன்பின் வேறொரு பொருளைச் சேர்த்தால் நீல நிறம் பிறக்கும். நீலம் எவ்வளவு ஆழமோ, பொசுபேற்றும் அவ்வளவு. பிஸ்க்கும் சுப்பராவும் செம்மைப்படுத்திய இம்முறை 1925 இல் வெளியாயிற்று. உலகெங்கும் ஆய்வுகூடங்களிலே அவ்விருவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று.

அதற்குப்பின் அம்முறையைத் தசைச்சாற்றுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அங்கேதான் ஒரு விந்தை தோன்றிற்று. நீலம் உரிய நேரத்தில் முழுமையாகத் தோன்றவில்லை. முதலிற் சிறிது தோன்றி, நேரம் செல்லச் செல்ல மெதுவாக ஆழமாயிற்று. மற்றொருவராயின் மருந்து பழுது என்று கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பர். இவர்களோ தங்கள் அளவையை நம்பினார்கள். முறை சரியாயின், தசையிலே ஏதோவொரு பொருள் பொசுபேற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அமிலம் பட்டதும் சிறிது சிறிதாக விடுகிறது என்றே கொள்ளவேண்டும். முன்னையோர் அனைவரும் தசையிலுள்ள தனிப் பொசுபேற்று என்று அளந்துவந்ததிற் பெரும்பகுதி தனியாக இருந்ததன்று. அளக்கும்போதே பிரிந்து வந்தது. அப்பொருள் கிரியேற்றினும் பொசுபேற்றும் இணைந்த பொசுபோகிரியேற்றின் என்பதை 1927 இல் அவர்கள் நிறுவினர். தசை வேலை செய்யும்போது அது குறைகிறது, ஓய்ந்ததும் மீள்கிறது. அதே ஆண்டில் இலண்டனிலே பிலிப் எகிள்டன், கிறேஸ் எகிள்டன் என்னும் கணவனும் மனைவியும் தனியாக ஆராய்ந்து இத்தகையவொரு பொருள் தசையில் இருப்பதைக் கண்டு, அதற்குப் பொசுபாஜென் என்று பெயரிட்டனர். அவர்கள் வேலை செய்தது ஹில்லின் துறையிலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

1930 இல் கோப்பன்ஹேகன் நகரில் லுண்ட்ஸ்கார் என்பவர், இலற்றிக் அமிலமே உண்டாகாதபடி தசைக்கு நஞ்சூட்டிப் பார்த்தார். தசை சுருங்கிற்று! சில தடவை சுருங்கி, பொசுபோகிரியேற்றின் தீர்ந்தபின்பே விறைத்து நின்றது. அமிலம் இல்லாமலே தசை வேலை செய்யுமாயின், சுருக்கத்துக்குக் காரணம் அமிலமாக இருக்க இயலாது. நோபல் பரிசு பெற்ற கொள்கையின் நடுத்தூண் அன்று விழுந்தது. ஹில் இதனை எவ்வாறு ஏற்றார் என்பதுதான் இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. 1932 இல் அவரே ஒரு நீண்ட கட்டுரை எழுதி, தசையியலில் ஒரு புரட்சி நிகழ்ந்துவிட்டதென்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார். தாம் பரிசு பெற்ற பொருளிலே தாம் கொண்ட விளக்கம் பிழையென எழுதுவதற்கு எத்துணை பெருந்தன்மை வேண்டும்! அதே ஹில் 1943 இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, அந்நாட்டு விஞ்ஞான ஆராய்ச்சியை எவ்வாறு அமைக்கலாமென அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவர்.

இதற்கிடையே 1929 இல் இன்னொரு பொருள் வெளிப்பட்டது. ஜேர்மனியிலே மாயர்ஹோஃபின் ஆய்வுகூடத்திற் கார்ல் லோமன் என்பவரும், பொஸ்டனிலே பிஸ்க்கும் சுப்பராவும், ஒருவரையொருவர் சாராமல் தசையிலிருந்து அடினோசின் முப்பொசுபேற்று என்பதைப் பிரித்தெடுத்தனர். ஏ.ரீ.பி. என்று இன்று உயர்தர வகுப்பு மாணவர் எல்லோரும் சொல்லும் பொருள் இதுவே. 1939 இல் மொஸ்கோவிலே எங்கெல்ஹார்ட், லியுபிமோவா என்னும் தம்பதியர், தசையின் மயோசின் என்னும் புரதமே ஏ.ரீ.பி.யைப் பிளக்கிறது எனக் காட்டினர். சுருக்கத்துக்கு நேரடியாகச் செலவாவது ஏ.ரீ.பி.யே என்பது 1962 இல் ஐயமறத் தெளிவாயிற்று. கிளைக்கோசனும் கொழுப்பும் களஞ்சியத்து நெல் என்றால், ஏ.ரீ.பி. கையிலுள்ள சில்லறைக் காசு. பொசுபோகிரியேற்றின் மடியில் முடிந்து வைத்த பணம். கைக்காசு குறைந்தவுடன் மடிப்பணம் அதனை நிரப்பும். நெல்லை விற்றுக் காசாக்குவதற்குச் சற்றுத் தாமதமாகும்.

ஆகவே எங்கள் மாணவனுக்குரிய விடை இதுதான். முழு வேகத்தில் ஓடுபவனின் தசையிலுள்ள ஏ.ரீ.பி. இரண்டு மூன்று செக்கனுக்கே போதுமானது. பொசுபோகிரியேற்றின் அதனைப் பத்துச் செக்கன் வரையில் தாங்கிப் பிடிக்கும். அதற்குள்ளாகவே கிளைக்கோசன் இலற்றிக் அமிலமாக மாறும் வழியும் திறந்துவிடும். இவ்விரண்டுக்கும் ஒட்சிசன் வேண்டியதில்லை. நூறு மீற்றர் ஓட்டம் இவற்றின் துணையோடேயே பெரிதும் முடிந்துவிடுகிறது. பின்னர் வாங்கும் மூச்சு, செலவழிந்ததை மீண்டும் நிரப்புவதற்கும், சூடேறி விரைந்தோடும் உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கும். ஹில் சொன்ன கடன் என்னும் உவமை அதனால் முழுதும் பொய்யாகிவிடவில்லை; கணக்கு மட்டுமே அவர் எண்ணியதிலும் சிக்கலானது. விளையாட்டுப் போட்டிக்கு மறுநாள் காலில் உண்டாகும் நோவுக்கு இலற்றிக் அமிலமே காரணமென இன்னும் பலர் சொல்கின்றனர். அதுவும் பிழை. அவ்வமிலம் ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் குருதியிலிருந்து நீங்கிவிடும். நோவு தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தினால் வருவது.

இனி முள்ளிவாய்க்காற் கரைக்குத் திரும்புவோம். இறுக இழுக்கும் தசை, தன்னூடே செல்லும் குருதிக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. தளரும் கணத்தில் குருதி மீண்டும் பாய்கிறது, ஒட்சிசன் வருகிறது, பொசுபோகிரியேற்றினின் ஒரு பங்கு மீள நிரம்புகிறது. செலவழிந்ததிற் பாதி நிரம்ப ஏறத்தாழ அரை நிமிடம் செல்லும் என்பர். ஓய்வின்றி ஒரேயடியாக இழுப்பவர்கள் விரைவிற் சோர்ந்துவிடுவர். இழுத்தும் தளர்ந்தும் வேலை செய்பவர்கள் நெடுநேரம் தாக்குப்பிடிப்பர். அம்பாப் பாட்டு களைப்பை மறக்கச் செய்வது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். மறக்கச் செய்வது மட்டுமன்று, களைப்பைத் தள்ளிப்போடுவதும் அதுவே என்பது என் கருத்து. அதன் தாளத்தை அமைத்த முன்னோர் பொசுபேற்றை அறிந்தவர்களல்லர். தங்கள் தோளை அறிந்தவர்கள்.

இருதயமும் தசைதான். ஆனால் அதற்கு நீண்ட தளர்ச்சி இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் தடவை துடிக்கிறது. ஓய்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஐந்து இலீற்றர் அளவில் அது வெளியேற்றும் குருதி, கடும் உழைப்பின்போது இருபது இலீற்றருக்கு மேலும் உயரும். இவ்வளவு வேலைக்கும் அதனிடமுள்ள ஏ.ரீ.பி. சில செக்கனுக்கே போதுமாதலால், அது இடைவிடாது புதிதாக்கப்பட வேண்டும். இருதயக் கலத்தின் பருமனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை, ஒட்சிசனைக் கொண்டு ஏ.ரீ.பி. ஆக்கும் இழைமணிகளே நிரப்பியிருக்கின்றன. அது பெரும்பாலும் கொழுப்பமிலங்களை எரிக்கிறது. உடல் உழைக்கும்போது கைகால்கள் வெளிவிடும் இலற்றிக் அமிலத்தையும் எடுத்து விறகாக்கிக்கொள்கிறது. ஒரு காலத்தில் களைப்பின் கழிவு என்று பழிக்கப்பட்ட பொருள் இருதயத்துக்கு உணவாவது வியப்பன்றோ? இருதயத்துக்கு ஒட்சிசன் தடைப்பட்டால் முதலிற் குறைவது பொசுபோகிரியேற்றின். அதனோடு தொடர்புடைய கிரியேற்றின் கைனேசு என்னும் நொதியம், மாரடைப்பின்போது சேதமுற்ற கலங்களிலிருந்து குருதியிலே கசியும். அதை அளந்து நோயை அறியும் வழக்கம் வைத்தியசாலைகளிலே நெடுங்காலம் இருந்தது. இன்று துரோப்பொனின் என்னும் புரதத்தை அளப்பதே பெருவழக்கு.

சுப்பராவுக்கு 1930 இற் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹாவாட்டிலே நிலையான பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள் அக்காலத்தில் வெளியிடப்படாமையால், பிறர் அவற்றைப் பின்னர் மீளக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், பிஸ்க்கின் பொறாமையே அதற்குக் காரணமாகத் தோன்றுகிறதென்றும், அதே ஆய்வுகூடத்தில் இருந்தவரும் 1988 இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். சுப்பராவ் 1940 இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்துக்குச் சென்றார். அங்கே அவர் நடத்திய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். சகோதரரைக் கொன்ற நோய்க்கு அது மருந்தாயிற்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியர் சிட்னி பாபர் 1947 இன் இறுதியிற் கொடுத்துப் பார்த்த அமினொப்ரெறின் அங்கிருந்து வந்ததே. யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசீனும் அக்குழுவின் ஆக்கம். இலங்கையிலே 2002 முதல் 2006 வரை யானைக்கால் பரவிய மாவட்டங்களில் ஆண்டுதோறும் மக்களுக்கு வழங்கப்பட்ட வில்லைகளுள் ஒன்று அதுவே. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டில் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென அறிவித்தது.

1948 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐம்பத்துமூன்றாம் வயதில், உறக்கத்திலே அவருடைய இருதயம் நின்றுவிட்டது. கப்பலேறிய நாளுக்குப்பின் அவர் தம் ஊரைக் காணவேயில்லை.

இவ்வளவையும் அம்மாணவனுக்கும் அவன் வகுப்பினருக்கும் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு பாடவேளை வேண்டியிருந்தது. முடிந்ததும் அவன் மீண்டும் எழுந்து, சுப்பராவுக்கு ஏன் நோபல் பரிசு கொடுக்கவில்லை என்று கேட்டான். பிஸ்க்குக்கும் கொடுக்கவில்லை, லோமனுக்கும் இல்லை, எகிள்டன் தம்பதியருக்கும் லுண்ட்ஸ்காருக்கும் இல்லை என்றேன். அவ்விடை அவனுக்குப் போதவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.